கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள்: ஆர்னிஸ் பயிற்சிக்குக் கையுறை தேர்வு செய்வது எப்படி?

சினவாலி என்ற இரட்டைப் பிரம்புப் பயிற்சியைப் பழகத் தொடங்கிய மூன்றாவது மாதம். இரண்டு கைகளிலும் பிரம்பு, எதிரே ஒரு நண்பர், இருவரும் ஒரே தாளத்தில் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தோம். வேகம் கூடியது. நான் ஓர் அடி முந்தினேனா, அவர் ஓர் அடி பிந்தினாரா தெரியாது. அவருடைய பிரம்பின் நுனி என் வலது கட்டைவிரல் நகத்தின் மேல் விழுந்தது. மாலைக்குள் நகம் கறுத்துவிட்டது. மூன்று வாரத்துக்குச் சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போட்டேன். இத்தனைக்கும் அன்று நான் கையுறை அணிந்திருந்தேன். முட்டிகளின் மேல் கெட்டியான கவசம் வைத்த, பார்க்கவே உறுதியான பைக் கையுறை. கட்டைவிரல் நுனியில் மட்டும் ஒற்றைத் துணிதான் இருந்தது.

அதற்கப்புறம் பல விதமான கையுறைகளை வாங்கியும் இரவல் கேட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்று மூன்று பெயர்களில் அழைக்கப்படும் இந்தப் பிலிப்பீன்ஸ் பிரம்புச் சண்டைக் கலையைப் பழக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கையுறை நல்லது?" என்பதைத்தான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. "நான் செய்யப்போகும் பயிற்சியில் என் கையில் எந்த இடத்தில் அடி விழும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருக்கிறது.

கை ஏன் இவ்வளவு அடி வாங்குகிறது?

இந்தக் கலையில் எதிராளியின் கையே ஓர் இலக்கு. லார்கோ எனப்படும் தொலைவில் நிற்கும்போது எதிராளியின் தலையும் உடம்பும் உங்கள் பிரம்புக்கு எட்டாது, ஆயுதம் பிடித்த கை எட்டும். அதை அடித்தால் ஆயுதம் கீழே விழும், சண்டை முடியும். இதைப் பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று அந்தக் கலைஞர்கள் சொல்கிறார்கள். 'பல் பிடுங்கிய பாம்பு' என்று நாமும் சொல்வதால் விளக்கமே தேவைப்படாது.

முற்காலத்தில் பயிற்சியும் அப்படியே இருந்தது. கையைக் குறிவைத்துத்தான் பழகினார்கள். கை உடைந்து, வலி பொறுக்காமல் விட்டுப்போனவர்கள் பலர். நீக்ரோஸ் தீவின் ஹினிகாரனில் 1936-இல் பிறந்த ரெமி பிரேசாஸ், மாடர்ன் ஆர்னிஸ் என்ற முறையை உருவாக்கியபோது இதை மாற்றினார். பயிற்சியில் கையை அடிக்காமல் கூட்டாளியின் பிரம்பையே அடிக்கச் சொன்னார். கலை பரவியதற்கு அந்த மாற்றம் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். 2009-இல் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸைப் பிலிப்பீன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது.

ஆனாலும் பிரம்பைக் குறிவைத்து வீசும் அடி சில அங்குலம் தவறினால் விழும் இடம் கைதான். அது சும்மா தொங்கும் கை அல்ல. பிரம்பை இறுகப் பிடித்திருக்கும் கை. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் விரல் மாட்டியதுபோல, உங்கள் பிரம்புக்கும் அவர் பிரம்புக்கும் நடுவில் விரல் சிக்கிக்கொள்கிறது. விலகி ஓட வழியில்லாததால் முழு வேகத்தையும் எலும்பே வாங்குகிறது. கையில் மொத்தம் 27 எலும்புகள். அவற்றில் 14 விரல்களில் இருக்கின்றன, அவற்றின் மேல் தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கையுறை வாங்கும்போது இந்தப் படம் மனதில் இருக்கட்டும்.

முதல் படி: என்ன பயிற்சி என்று முடிவு செய்யுங்கள்

தனியாகக் காற்றில் வீசிப் பழகவும், டயரில் அடித்துப் பழகவும் கையுறை வேண்டாம். வெறுங்கையால் பிரம்பைப் பிடித்துப் பழகிய பிடிதான் உங்கள் உண்மையான பிடி. கொப்புளம் வந்தால் ஒரு சுற்று டேப் போதும்.

இருவர் சேர்ந்து பிரம்போடு பிரம்பு அடிக்கும் சினவாலி, சும்பிராதா போன்ற பயிற்சிகளுக்கு மெல்லிய கையுறை போதும், கட்டைவிரலுக்குப் பாதுகாப்பு இருக்கும்வரை. ஆயுதத்தைப் பறிக்கும் பயிற்சிக்கும் அப்படித்தான். தடிமனான கையுறையோடு எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகவே முடியாது.

சுதந்திரமாக மோதிக்கொள்ளும் ஸ்பாரிங் வேறு கதை. பஞ்சோ ஃபோமோ சுற்றிய பிரம்பு என்றால் நடுத்தரக் கையுறையோடு சமாளிக்கலாம். வெறும் பிரம்பு என்றால் கனமான கையுறை இல்லாமல் களத்தில் இறங்காதீர்கள். போட்டிகளிலும் இந்த இரண்டு வகையும் தனித்தனியாகத்தான் நடக்கின்றன. 2019-இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு மெத்தைப் பிரம்பு, வெறும் பிரம்பு என்று தனிப் பிரிவுகள் இருந்தன. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால், அந்தப் போட்டி நடத்துகிறவர்கள் எந்தக் கையுறையை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு தடவை செலவழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் இரண்டாவது வகைப் பயிற்சிதான் இருக்கும். ஆகவே கனமான கையுறையை முதல் நாளே வாங்காதீர்கள். ஆசிரியர் ஸ்பாரிங்குக்கு அனுப்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: சாக்பீஸ் சோதனை

இதற்குச் செலவே இல்லை. கறுப்பு நிறத்தில் ஒரு பழைய துணிக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளியின் பிரம்பில் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் பாதி வேகத்தில், வலிக்காத அளவுக்கு, பத்து நிமிடம் வழக்கமான பயிற்சியைச் செய்யுங்கள். முடித்ததும் கையுறையைப் பாருங்கள்.

எனக்கு இந்தச் சோதனை கண்ணைத் திறந்துவிட்டது. முட்டிகளின் மேல்தான் வெள்ளை விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒன்றிரண்டு கீற்றுகள்தான். கட்டைவிரலின் நுனி, ஆள்காட்டி விரலின் நடுக் கணு, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு, மணிக்கட்டின் எலும்பு முண்டு ஆகிய நான்கு இடங்களில் அப்பியிருந்தது. உங்களுக்கு வேறு இடமாக இருக்கலாம். பிரம்பைக் கட்டைவிரலால் மூடிப் பிடிக்கிறீர்களா, நீட்டி வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். அடியை நேராகத் தடுக்கிறவர்களுக்கும் சாய்த்து வழியவிடுகிறவர்களுக்கும் வெள்ளைத் தடம் ஒரே இடத்தில் விழாது. உங்கள் கையுறையில் எங்கே வெள்ளை விழுந்ததோ, அந்த இடங்களை வைத்துத்தான் கடையில் இருக்கும் ஒவ்வொரு கையுறையையும் மதிப்பிட வேண்டும்.

மூன்றாவது படி: கிடைக்கும் வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

ஆர்னிஸுக்கென்றே செய்த கையுறை நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. வேறு விளையாட்டுகளிடமிருந்து இரவல் வாங்க வேண்டியதுதான். உலகம் முழுக்க இந்தக் கலையைப் பழகுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் வெறும் பிரம்பால் மோதிப் பெயர் வாங்கிய டாக் பிரதர்ஸ் குழுவினர்கூட வாள்வீச்சு விளையாட்டின் முகமூடியையும் சாதாரண விளையாட்டுக் கையுறைகளையும் போட்டுக்கொண்டுதான் சண்டையிட்டார்கள்.

நமக்கு எளிதில் கிடைப்பது கிரிக்கெட் பேட்டிங் கையுறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத்தான் வாங்குவார்கள். வலக்கை ஆட்டக்காரரின் வலது கை மட்டையில் கீழே இருக்கும், விரல்கள் பந்துக்கு நேராக நிற்கும். அதனால் அந்தக் கையுறையின் முதல் இரண்டு விரல்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வைத்திருப்பார்கள். பிரம்பை வலது கையில் பிடிக்கிறவர் வலக்கை ஆட்டக்காரருக்கான ஜோடியையே வாங்க வேண்டும். இடக்கை ஜோடி விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கையுறையில் ஒரு குறை இருக்கிறது. விரல்களின் மேல் உருளை உருளையாகத் திணிப்பு வைத்திருப்பார்கள், உருளைகளுக்கு நடுவில் பள்ளம் இருக்கும். கிரிக்கெட் பந்தின் விட்டம் சுமார் 7 செ.மீ. அது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உருளைகளின் மேல் விழும். நம் பிரம்பின் தடிமன் சுமார் 2.5 செ.மீ. அது பள்ளத்துக்குள் நேராக இறங்கிவிடும். ஆகவே உருளைகள் நெருக்கமாக இருப்பதையே தேடுங்கள். பள்ளத்தில் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் அதை வாங்காதீர்கள். மெத்தைப் பிரம்பு ஸ்பாரிங்குக்கு நல்ல கிரிக்கெட் கையுறை போதும். வெறும் பிரம்புக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

ஐஸ் ஹாக்கி கையுறை நம் தேவைக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஆட்டத்தில் மட்டையாலேயே கையில் அடி விழும் என்பதால் நீண்ட தடிக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள். கட்டைவிரல் பின்னோக்கி வளையாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் தகடு இருக்கும். மணிக்கட்டையும் மூடும். பெரியவர்களுக்கு 13 முதல் 15 அங்குலம் வரை அளவுகள் வரும். விரல் நுனிகள்தான் இதில் பலவீனம். கடையில் வெறுமனே "ஹாக்கி கிளவுஸ்" என்று கேட்டால் புல்தரை ஹாக்கிக்கான கையுறையை எடுத்துக் கொடுப்பார்கள். அது பல சமயம் இடது கைக்கு மட்டும், பாதி விரல் திறந்து இருக்கும். நமக்கு உதவாது. லாக்ரோஸ் என்ற ஆட்டத்தின் கையுறையும் ஐஸ் ஹாக்கி கையுறையைப் போன்றதுதான், ஆனால் மணிக்கட்டை இன்னும் எளிதாகச் சுழற்ற விடும். விசிறிபோல மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும் அபானிக்கோவை அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஐரோப்பிய மத்தியகால வாள்வீச்சைப் பழகுகிறவர்களுக்கான கனமான கையுறைகள் விரல் நுனி, கட்டைவிரல் இரண்டையும் பிளாஸ்டிக் தகடுகளால் மூடிவிடும். இரும்பு வாளுக்காகச் செய்தது, பாதுகாப்பில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பவை, விரல்களை இரண்டு மூன்று அறைகளாகச் சேர்த்து வைப்பவை என்று இதில் வகைகள் உண்டு. சேர்த்து வைப்பவை அடியைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் பிடி முரடாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து விலை ஏறும். கூடவே, இரும்பு வாளின் பிடி வேறு, 28 அங்குலப் பிரம்பின் பிடி வேறு. சிலருக்கு இந்தக் கையுறைக்குள் பிரம்பு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஜப்பானிய வாள்வீச்சான கெண்டோவில் போடும் கோத்தே என்ற கையுறை அழகானது, பிளவுபட்ட மூங்கிலின் அடிக்கு ஏற்றது. திண்ணென்று இருக்கும் பிரம்பின் அடியை, அதுவும் பக்கவாட்டிலிருந்து வருவதை, அது சரியாகத் தாங்காது. பைக் கையுறையைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். வெல்டிங் கையுறை நெருப்புப்பொறிக்கு மட்டும். குத்துச்சண்டைக் கையுறையோடு பிரம்பைப் பிடிக்கவே முடியாது. விரல் திறந்த எம்எம்ஏ கையுறை, மறைக்க வேண்டிய இடத்தையெல்லாம் திறந்து வைத்துவிட்டு மற்றதை மூடுகிறது.

நான்காவது படி: பிரம்போடு கடைக்குப் போங்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. வெறுங்கையில் கையுறையைப் போட்டு, விரலை மடக்கி நீட்டி, "நல்லா இருக்கு" என்று வாங்கி வருகிறார்கள். உங்கள் பிரம்பை எடுத்துப்போங்கள். கடைக்காரரிடம் என்ன பழகுகிறீர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் அவரே ஆர்வமாக நாலு ஜோடி எடுத்துப் போடுவார்.

கையுறையைப் போட்டுக்கொண்டு பிரம்பை வழக்கம்போல அடியிலிருந்து மூன்று நான்கு விரற்கடை விட்டுப் பிடியுங்கள். கட்டைவிரல் சுற்றி வந்து ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிடி பாதிதான், ஒரு நல்ல அடியில் பிரம்பு பறந்துவிடும். அப்புறம் மணிக்கட்டை எட்டு வடிவில் சுழற்றுங்கள். கையுறையின் கைப்பட்டை முன்கையில் முட்டி நின்றால் ரெதோந்தா போன்ற சுழல் அடிகள் உங்களால் முடியாது, தோள்பட்டையால் இழுத்து அடிக்கப் பழகிவிடுவீர்கள். அது ஒரு கெட்ட பழக்கம், பிறகு மாற்றுவது கஷ்டம்.

அடுத்தது திணிப்பு. இன்னொரு கையின் கட்டைவிரலால், சாக்பீஸ் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் உள்ளே விரலில் குத்தலாகத் தெரிந்தால் அங்கே பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். நல்ல கையுறையில் இரண்டு அடுக்கு இருக்கும். வெளியே இருக்கும் கெட்டியான தகடு அடியைப் பரப்பிவிடும், உள்ளே இருக்கும் ஃபோம் வேகத்தைக் குறைக்கும். ஃபோம் மட்டும் இருந்தால் பலமான அடியில் நசுங்கித் தரைதட்டிவிடும். தகடு மட்டும் இருந்தால் அதிர்ச்சி அப்படியே எலும்புக்குப் போகும். ஃபோமின் தரத்தையும் விரலாலேயே சொல்லிவிடலாம். அழுத்தி விட்டதும் செருப்பின் அடிப்பாகம் போல மெல்ல நிமிர்ந்தால் நல்லது, குளியல் பஞ்சுபோல ஒரே அழுத்தில் தட்டையாகிவிட்டால் வேண்டாம்.

கடைசியாக, பிரம்பைப் பிடித்தபடியே கையை முகத்துக்கு நேராக நீட்டி, எதிராளி பார்க்கும் பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பாருங்கள். விரல் மடங்கும்போது திணிப்புகள் விலகி, கணுக்களுக்கு நடுவில் துணி தெரிகிறதா? நேராக நீட்டிய கையில் எல்லாம் மூடியிருப்பதுபோலத் தெரியும். மடக்கிய கையில்தான் உண்மை வெளியே வரும்.

அளவு விஷயத்தில் ஒரே ஒரு சொல்: இறுக்கத்தைவிடத் தளர்வு ஆபத்து. தளர்ந்த கையுறை அடிபடும்போது சுழன்றுவிடும், திணிப்பு ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் போய்விடும்.

ஐந்தாவது படி: கட்டைவிரலை நீங்களே பலப்படுத்துங்கள்

எந்தக் கையுறை வாங்கினாலும் பெரும்பாலும் கட்டைவிரல் நுனிக்கு நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். நான் செய்வது இது. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகடு, எலும்பு முறிவுக்கு அச்சு செய்யப் பயன்படுத்துவது, மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். சுமார் 65 டிகிரி வெந்நீரில் போட்டால் மாவுபோல இளகிவிடும். ஒரு துண்டை வெட்டி, இளகியதும் இடுக்கியால் எடுத்து, சூடு தணிய ஒரு நொடி விட்டு, மெல்லிய பருத்திக் கையுறை போட்ட கட்டைவிரலின் மேல், பிரம்பைப் பிடித்த நிலையிலேயே, தொப்பிபோல அழுத்தி வார்த்துக்கொள்ளுங்கள். நகத்தின் மேலும் நுனியிலும் வெளிப்பக்கத்திலும் மூடட்டும். பிரம்பைத் தொடும் உள்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஆறியதும் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே மெல்லிய ஃபோம் ஒட்டி, கையுறைக்குள் வையுங்கள். பிடிக்கும் கோணத்திலேயே வார்த்ததால் உறுத்தாது.

தைக்கத் தெரிந்தவர்கள், அல்லது செருப்புத் தைக்கும் கடைக்காரரின் உதவியோடு, கட்டைவிரல் நுனியின் மேல் கெட்டித் தோல் ஒன்றை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பிரம்போடு பிரம்பு அடிக்கும் பயிற்சிக்கு மெல்லிய தோல் கையுறையும் இந்தத் தோல் தொப்பியுமே எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

ஆறாவது படி: கூட்டாளியோடு பேசிக்கொள்ளுங்கள்

புதுக் கையுறையோடு முதல் வாரத்திலேயே முழு வேகத்தில் இறங்காதீர்கள். பிடி மாறியிருக்கும், தூரக் கணக்கும் மாறியிருக்கும். தனியாகச் சில நாள், அப்புறம் கூட்டாளியோடு பாதி வேகத்தில்.

இருவரும் ஒரே தரத்துக் கையுறை போட்டிருக்க வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். கனமான கையுறைக்குள் இருப்பவருக்குத் தன் அடியின் பலம் தெரியாது, வலி தெரியாததால் கையைக் காப்பாற்றவும் மறந்துவிடுவார். எதிரே மெல்லிய கையுறையில் இருப்பவர்தான் அதற்கு விலை கொடுப்பார். இன்று கை இலக்கா இல்லையா, எந்த வேகம், எந்தப் பிரம்பு என்று ஆரம்பிக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். காமகோங், பாஹி போன்ற கனத்த மரத்தில் செய்த தடிகளைத் தனிப்பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அடியை எந்தக் கையுறையும் நம்பத்தக்கபடி தாங்காது. பிரம்பு அடிபட அடிபட நார் நாராகப் பிரியும், அதுவே அதன் சிறப்பு. நார் பிரிந்த இடத்தில் டேப் சுற்றுங்கள், ரொம்பப் பிரிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கையுறையின் உள்ளே மோதிரம் வேண்டாம். அடிபட்டு விரல் வீங்கினால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

பராமரிப்பு சுருக்கமாக: பயிற்சி முடிந்ததும் பைக்குள் திணித்து வைக்காதீர்கள். நம் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வாயை விரித்து நிழலில், காற்றாடிக்குக் கீழே காயவையுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். மாதம் ஒருமுறை நான்காவது படியில் சொன்ன அழுத்திப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஃபோம் செத்துப்போனது வெளியிலிருந்து தெரியாது.

அடிபட்டுவிட்டால்

அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். கையுறையைக் கழற்றி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கையை இதயத்துக்கு மேலே தூக்கி வைத்திருங்கள். விரல் கோணலாகத் தெரிந்தாலோ, மரத்துப்போனாலோ, கையை மூடும்போது ஒரு விரல் இன்னொரு விரலின் மேல் ஏறினாலோ, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விரல் நுனி தொங்கி, தானாக நிமிர மறுத்தால் அது தசைநாண் அறுந்ததன் அடையாளம். வலி அதிகம் இல்லாததால் பலர் இதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். உடனே கவனித்தால் ஆறு முதல் எட்டு வாரம் தாங்குபட்டை கட்டியே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மணிக்கட்டில் அடிபட்டவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். கட்டைவிரலை அகல விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் விரிசல் இருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். முதல் எக்ஸ்-ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் வலி தொடர்ந்தால், பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொரு முறை படம் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அதுவரை பிரம்பைத் தொடாதீர்கள்.